கப்பலின் ஜாதகம்

அமெரிக்கக் கடற்படையார் ஓர் அகராதி போட்டிருக்கிறார்கள். சொற்களுக்கு அல்ல, கப்பல்களுக்கு. 'அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் அகராதி' என்று அதற்குப் பெயர். முதல் தொகுதி 1959-ல் வந்தது. எட்டாவது தொகுதி 1981-ல் வந்து நிறைவு பெற்றது. உலகம் அறிந்த பெரிய போர்க்கப்பலிலிருந்து துறைமுகத்துக்குள்ளேயே காலம் தள்ளிய இழுவைக் கப்பல் வரை ஆயிரக்கணக்கான கலங்களுக்கு அதில் அகர வரிசையில் குறிப்பு உண்டு. இதை யாரும் இலக்கியம் என்று சொல்லமாட்டார்கள். எழுதியவர்களுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் கதை எழுதுகிறவர்களும் கதை படிக்கிறவர்களும் இதைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வசனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும், அப்படி இருந்தும் எங்கே போதாமல் போகிறது என்பதற்கும் ஒரே இடத்தில் பாடம் கிடைக்கிறது.

இந்தக் குறிப்புகளுக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் பெயர்க் காரணம். அடுத்தபடி, கட்ட ஆரம்பித்த தேதி, கட்டியவர் யார், எந்தத் தளத்தில் என்ற விவரம். பிறகு நீரில் இறக்கிய தேதி. அன்று பெயர் சூட்டிய அம்மாள் யார் என்ற தகவல். பிறகு படையில் சேர்ந்த தேதியும் முதல் காப்டன் பெயரும். அதன் பின் போன இடம், வந்த இடம், சுட்டது, சுடப்பட்டது. முடிவில் மூழ்கியதோ, பழைய இரும்பு விலைக்குப் போனதோ, அது. கடைசி வரியில், எத்தனை போர் நட்சத்திரம் பெற்றது என்ற கணக்கு. நம் வீட்டுப் பெட்டியில் மஞ்சள் தடவி வைத்திருக்கும் ஜாதகத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஜாதகம் பிறந்தவுடன் கணிக்கிறார்கள். இதைப் போன பின்பு கணித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஒரு ஜாதகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'லிஸ்கம் பே' என்ற காவல் விமானந்தாங்கிக் கப்பல்.

இந்த வகையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில், விமானந்தாங்கிக் கப்பல் இல்லாமல் சமுத்திரத்தில் காரியம் நடக்காது என்பது எல்லாத் தரப்பாருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் பெரிய விமானந்தாங்கி ஒன்றைக் கட்டி முடிக்க வருஷக் கணக்கில் ஆகும். அவசரத்துக்கு என்ன செய்வது? சரக்குக் கப்பல் மாதிரி ஓர் உடம்பைச் செய்து, அதன் தலைமேல் தட்டையாக ஒரு மேடையைப் பொருத்தினார்கள். சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குத் துணை போவதும், தீவுகளில் சிப்பாய்கள் இறங்கும்போது மேலே பறந்து உதவுவதும் இவற்றின் வேலை. ஹென்றி கைசர் என்ற முதலாளி, வாஷிங்டன் மாகாணத்து வான்கூவர் நகரில் இருந்த தம் தளத்தில், 1943 ஜூலைக்கும் 1944 ஜூலைக்கும் இடையே, ஒரே அச்சில் வார்த்ததுபோல் 50 கப்பல்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார். நீளம் 512 அடி. ஏற்றும் விமானம் 28. வேகம் மணிக்கு 19 கடல் மைல். டர்பைன் யந்திரங்களுக்குத் தட்டுப்பாடு. ஆகையால் பழைய பாணி பிஸ்டன் வைத்த நீராவி யந்திரமே போதும் என்று விட்டார்கள். பெரிய போர்க்கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் கனத்த இரும்புக் கவசம் இவற்றுக்குக் கிடையாது. கடற்படை இந்த வகைக்குக் கொடுத்த குறியீடு மூன்றெழுத்து: சி, வி, இ. அந்த மூன்றுக்கும் மாலுமிகள் தாங்களே வியாக்கியானம் செய்துகொண்டார்கள்: எரியக்கூடியது, அடிபடக்கூடியது, போனால் போகட்டும் என்று விடத்தக்கது. ஜாதகம் எழுதியவர்களைவிட அதில் ஏறியவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி ஜாதகம். பெயர்க் காரணம்: அலாஸ்காவில் டால் தீவின் தென்கரையில் உள்ள ஒரு குடா. கட்ட ஆரம்பித்தது 1942 டிசம்பர் 9. நீரில் இறங்கியது 1943 ஏப்ரல் 19. படையில் சேர்ந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 7. காப்டன் இர்விங் வில்ட்ஸி. மேற்குக் கரையோரமாகப் பயிற்சி. அக்டோபரில் சான் டியாகோவை விட்டுப் பேர்ல் துறைமுகம். நவம்பர் 10 அன்று அங்கிருந்து கில்பர்ட் தீவுகளை நோக்கிப் பயணம். ரியர் அட்மிரல் ஹென்றி மல்லினிக்ஸ் இந்தக் கப்பலில் இருந்துகொண்டுதான் மூன்று விமானந்தாங்கிகளையும் அவற்றின் காவலையும் நடத்தினார். நவம்பர் 20 முதல் மக்கின் தீவில் இறங்கிய தரைப்படைக்கு உதவி. நவம்பர் 24 விடியுமுன், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-175 விட்ட டார்பிடோ பட்டுச் சுமார் 23 நிமிஷத்தில் மூழ்கியது. இறந்தவர்கள் அதிகாரிகள் 53, மற்றவர்கள் 591, ஆக 644. பிழைத்தவர்கள் 272. பெற்றது ஒரு போர் நட்சத்திரம்.

தீர்ந்தது. படையில் சேர்ந்த நாளிலிருந்து மூழ்கிய நாள் வரை எண்ணிப் பார்த்தால் 109 நாள். கட்டத் தொடங்கியதிலிருந்து நீரில் இறக்குவதற்கே 131 நாள் ஆயிற்று.

இந்த வசனத்தின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். இதில் அலங்காரம் கிடையாது. கடல் என்ன நிறமாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதும் இல்லை. கப்பல் சீறவில்லை, பீரங்கி கர்ஜிக்கவில்லை, காப்டனின் கண்கள் சிவக்கவில்லை. யுத்தக் கதை என்று நம் பத்திரிகைகளில் வருவதை நினைத்துப் பாருங்கள். குண்டு விழுவதற்கு அரை நிமிஷம் முன்னால் கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து காதலியின் புகைப்படத்தை எடுத்துப் பார்க்காமல் இருக்கிறானா? அந்தப் புகைப்படம் வெளியே வந்ததும் அவன் சாகப் போகிறான் என்பது வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனும் கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறான். இருவருக்கும் அது ஒரு சௌகரியமான ஏற்பாடு. அகராதிக்காரர் அந்த வியாபாரமே வைத்துக்கொள்வதில்லை. புறப்பட்டது, சேர்ந்தது, மூழ்கியது என்று மூன்று வினைச்சொல்லில் காரியத்தை முடித்துவிடுகிறார். படிக்கிறவன் தன் பாட்டில் மௌனமாகிவிடுகிறான். வினைச்சொல்லை நம்பி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நினைக்கும் இளம் எழுத்தாளருக்கு இந்த எட்டுத் தொகுதியையும் நான் சிபாரிசு செய்வேன்.

ஆனால் அதே நடையில்தான் குறையும் இருக்கிறது. எல்லாச் சம்பவத்துக்கும் ஒரே எடை. பெயர் சூட்டிய அம்மாளுக்கு ஒரு வரி, மூழ்கியதற்கும் ஒரு வரி. அளவு சரியாக இருக்கிறது, நிறுவை இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட ஆழமான ஒரு கோளாறு இலக்கணத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலீஷ்காரர்களுக்குக் கப்பல் பெண்பால். 'அது' என்று சொல்வதைவிட 'அவள்' என்று சொல்வதில்தான் அவர்களுடைய மாலுமிகளுக்குத் திருப்தி. அகராதியும் அந்த வழக்கத்தையே பின்பற்றியது. அவள் நீரில் இறங்கினாள், அவள் பயணம் புறப்பட்டாள், அவள் அடிபட்டாள். மூழ்கும்போது இத்தனை பேரைத் தன்னோடு கொண்டுபோனாள். இந்த மாதிரி வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் கப்பல்தான். மனிதர்கள் செயப்படுபொருள், கப்பல் தன்னோடு எடுத்துக்கொண்டு போன சாமான். இரும்புக்கு உயர்திணை கொடுத்தாயிற்று. ரத்தமும் சதையுமாக இருந்தவர்களை எண்ணிக்கையாக்கி, 53, 591 என்று கூட்டிக் கழித்தாயிற்று.

தமிழில் இதை எழுதிப் பாருங்கள். கப்பல் மூழ்கியது, மாலுமிகள் இறந்தார்கள் என்றுதான் வரும். 'மூழ்கியது' அஃறிணை, 'இறந்தார்கள்' உயர்திணை. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இலக்கணம் இரண்டையும் பிரித்து வைத்துவிடுகிறது. அதனால் நம் எழுத்து உயர்ந்துவிட்டது என்று தோள் தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நம் மெய்க்கீர்த்திகளும் ஒருவகைப் பணி வரலாறுதானே? ராஜேந்திர சோழன் கடல் கடந்து கலங்களை அனுப்பிக் கடாரம் கொண்டதை அவனுடைய மெய்க்கீர்த்தி விஸ்தாரமாகச் சொல்கிறது. அந்தக் கலங்களில் துடுப்புப் போட்ட ஒருவனுடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் அதே நாட்டில் நடுகல்லும் இருந்தது. இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்ன ஊர் ஆநிரையை மீட்கப் போய், இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான் என்று நாலு வரியில் கல்லில் வெட்டி நட்டார்கள். அதுவும் வறண்ட வசனந்தான். அதுவும் தேதியில்தான் தொடங்குகிறது. ஆயினும் அதன் எழுவாய் இறந்த மனிதன். மெய்க்கீர்த்திக்கும் நடுகல்லுக்கும் உள்ள வேற்றுமை நடையில் இல்லை. எழுவாய் யார் என்பதில் இருக்கிறது.

'லிஸ்கம் பே'யின் 644 பேரில் ஒருவரை எழுவாயாக வைத்துப் பார்ப்போம். டோரிஸ் மில்லர் என்று ஒருவர் இருந்தார். டெக்ஸாஸ் மாகாணத்து வேக்கோ பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, 1919-ல் பிறந்தவர். கறுப்பர். அவர் சேர்ந்த காலத்தில் அமெரிக்கக் கடற்படை கறுப்பர்களைச் சாப்பாட்டு அறையில் பரிமாறவும், அதிகாரிகளுக்கு எடுபிடி வேலை செய்யவுமே சேர்த்துக்கொண்டது. 1941 டிசம்பர் 7 காலையில் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது, மில்லர் 'வெஸ்ட் வர்ஜீனியா' என்ற போர்க்கப்பலில் சலவைத் துணி சேகரித்துக்கொண்டிருந்தார். மேல்தளத்துக்கு ஓடினார். குற்றுயிராகக் கிடந்த காப்டனைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்த உதவினார். பிறகு, தமக்கு யாரும் கற்றுக் கொடுத்திராத ஒரு விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் பின்னால் நின்று, குண்டு தீரும் வரை சுட்டார். 1942 மே 27 அன்று அட்மிரல் நிமிட்ஸ் தம் கையால் அவர் மார்பில் கடற்படைச் சிலுவைப் பதக்கத்தைக் குத்தினார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். யுத்தக் கடன் பத்திரம் விற்பதற்காக அவரை ஊர் ஊராக அழைத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள். கூட்டம் கை தட்டிற்று. அதெல்லாம் முடிந்த பின் அவருக்குக் கிடைத்த பதவி, மூன்றாம் தரச் சமையற்காரர். புதிதாகத் தயாராகிக்கொண்டிருந்த 'லிஸ்கம் பே'க்கு அவரை அனுப்பினார்கள்.

துப்பாக்கி பிடித்துக் காட்டியவருக்குக் கரண்டி கொடுத்தார்கள் என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதிவிடலாம். கை துறுதுறு என்கிறது. ஆனால் அப்படி எழுதினால் கரண்டியைக் கேவலப்படுத்தியதாகும். கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 916 பேர். வேளா வேளைக்கு அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்ட வேண்டும். கப்பல் ஆடினாலும், இரவில் விளக்கை மறைத்தாலும், விடியுமுன் விமானம் கிளம்புவதாக இருந்தாலும், அதற்கும் முன்னால் அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். 109 நாளும் அந்தக் கப்பலில் ஒருநாள் கூடத் தவறாமல் நடந்த பணி எது என்று கேட்டால், விமானம் பறந்தது அல்ல, சோறு வெந்ததுதான். பணி வரலாறு என்று பெயர் வைத்துக்கொண்ட இந்தக் குறிப்புகளின் வாய்பாட்டில் அந்தப் பணிக்கு இடம் ஒதுக்கவில்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்குப் போயிற்று என்று தெரிகிறது. போகும்போது கப்பலுக்குள் என்ன நடந்தது என்று தெரிவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஏதாவது வேலை இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூழ்கிய 23 நிமிஷத்துக்கு எல்லோரும் ஓடி வருவார்கள். 2004-ல் ஜேம்ஸ் நோல்ஸ் என்பவர் இந்தக் கப்பலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியபோது, தலைப்பிலேயே அந்த 23 நிமிஷத்தைத்தான் வைத்தார். தலைப்புக்கு அது சரி. வாழ்க்கை மற்ற 109 நாளில் இருந்தது.

சரி, அகராதி நிறுத்துப் பார்க்காமல் எழுதுகிறது என்று குறை சொன்னேன். நிறுத்துப் பார்த்து எழுதிய ஒருவரையும் பார்த்துவிடுவோம். ஸாமுவேல் எலியட் மாரிஸன் ஹார்வர்டு சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியர். 1942-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைக் கடற்படையில் சேர்த்து, இந்த யுத்தத்தின் கடல் சரித்திரத்தை எழுதும்படி ஏற்பாடு செய்தார். கரையில் உட்கார்ந்து எழுதுகிற ஆசாமி அல்ல அவர். கப்பல்களில் ஏறிப் போய்ச் சண்டைகளைக் கண்ணால் கண்டவர். 1947 முதல் 1962 வரை 15 தொகுதிகள் எழுதினார். அருமையான கை. ஆட்கள் நடமாடுகிறார்கள், காற்று வீசுகிறது, முடிவு தெரிந்திருந்தும் பக்கத்தைப் புரட்ட வைக்கிறார். கில்பர்ட் தீவுகள் பற்றிய தொகுதி 1951-ல் வந்தது. 'லிஸ்கம் பே'யின் சாவு அகராதியில் ஒரு வரியாக இருப்பதுபோல் அவரிடம் இல்லை. டார்பிடோ, பின்பக்கத்து யந்திர அறையை ஒட்டி விமானக் குண்டுகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் பட்டு, குண்டுகள் மொத்தமாக வெடித்தன. 1,500 கஜம் தள்ளி வந்துகொண்டிருந்த 'நியூ மெக்ஸிகோ' போர்க்கப்பலின் தளத்தில் இரும்புத் துண்டுகளோடு மனித உடலின் துணுக்குகளும் வந்து விழுந்தன. இப்படி ஒரு கோரத்தை நேருக்கு நேர் சொல்வதற்கு எழுத்தில் நேர்மை வேண்டும். மாரிஸனிடம் அது இருந்தது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இது ஏன் நடந்தது என்று கேட்டார். அவர் கண்ட பதில் இது: மக்கின் தீவைப் பிடிக்க வந்தது 27-ஆவது தரைப்படை டிவிஷன். தலைவர் ஜெனரல் ரால்ஃப் ஸ்மித். இறங்கியவர்கள் ஆறாயிரத்துக்கு மேல். எதிரே இருந்தவர்கள் கொரியத் தொழிலாளர்களையும் சேர்த்துச் சுமார் 800 பேர். அதில் சண்டை பழகியவர்கள் பாதிக்கும் குறைவு. ஆனாலும் தீவு வசமாக நாலு நாள் பிடித்தது. சீக்கிரம் முடித்திருந்தால் கப்பல்கள் அந்தக் கடலில் வட்டமிட்டுக்கொண்டு கிடந்திருக்க வேண்டாம், நீர்மூழ்கி வந்துசேரும் முன்பே விலகியிருக்கும். ஆகவே தரைப்படையின் மந்தத்துக்குக் கடற்படை விலை கொடுத்தது. தீவில் இறந்த அமெரிக்கர் 66; கடலில் ஒரே கப்பலில் 644. கணக்கைப் பார்த்தால் பகீர் என்கிறது. மரைன் படை ஜெனரல் ஹாலண்டு ஸ்மித் 1949-ல் எழுதிய சுயசரிதையிலும் மக்கின் மந்தத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளியிருந்தார். அவர்தான் 1944 ஜூனில், ஸைப்பன் தீவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, ரால்ஃப் ஸ்மித்தைப் பதவியிலிருந்து இறக்கினவர்.

கதாசிரியன் என்ற முறையில் இந்த வாதத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறது. இது மிகவும் நன்றாகப் பொருந்துகிறது. ஒரு விளைவு, ஒரு காரணம், ஒரு குற்றவாளி. நாங்கள் கதைக்குப் பின்னல் போடுவது இப்படித்தான். அப்பா பிடிவாதம் பிடித்தார், ஆகவே பெண் கிணற்றில் விழுந்தாள் என்று முடிச்சுப் போட்டுவிட்டால் வாசகனுக்கு நிம்மதி. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

மற்றக் காரணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மக்கின் வசமாயிற்று என்ற செய்தி 23-ஆம் தேதி பகலிலேயே வந்துவிட்டது. டார்பிடோ பட்டது மறுநாள் காலை ஐந்து மணிக்குமேல். படைகளைத் திரும்ப ஏற்றும் வேலை பாக்கியிருந்ததால் கப்பல்கள் அங்கேயே இருந்தன. காவல் வளையத்திலிருந்த ஒரு டிஸ்ட்ராயர் கப்பல் மக்கினுக்குப் போய்விட்டது. இன்னொன்று, இருட்டில் கடல்மேல் தெரிந்த ஒரு மங்கலான வெளிச்சம் என்னவென்று பார்த்துவர வளையத்தை விட்டு விலகியிருந்தது. வளையத்தில் அவர்கள் விட்ட இடம் காலியாக இருந்தது. கவசம் இல்லாத உடம்புக்குள் குண்டுகளை அடுக்கிய கப்பல் இது. அவசரத்தில், நூற்றுக்கணக்கான நாளில் கட்டியது. நீருக்கடியில் ஒரு ஜப்பானிய காப்டனின் திறமையும் அதிர்ஷ்டமும் இருந்தன. இத்தனை நூலில் எதை இழுத்தாலும் ஒரு கதை வரும். கைசரைக் குற்றவாளியாக்கி எழுதலாம், வெளிச்சத்தைக் காண அனுப்பிய உத்தரவை வைத்து எழுதலாம், தலைவிதி என்றும் எழுதலாம். மாரிஸன் தரைப்படை என்ற நூலை இழுத்தார். கடற்படையோடு கூடவே மிதந்து அதன் துக்கத்தைத் தம் துக்கமாக்கிக்கொண்டவர் அந்த நூலை இழுத்தது மனுஷ சுபாவம். சரித்திரத்துக்கு அது போதுமா?

27-ஆவது டிவிஷன் மந்தமாக நகர்ந்ததா என்பதை ராணுவ நிபுணர்கள் தீர்மானிக்கட்டும். தரைப்படையும் 1955-ல் தன் தரப்பு அதிகாரபூர்வ வரலாற்றை வெளியிட்டிருக்கிறது. என் ஆட்சேபம் எழுத்தைப் பற்றியது. 644 பேரை ஒரு வழக்கில் சாட்சியாக ஏற்றும்போது, அவர்கள் இறந்தது வேறொருவனுடைய குற்றத்தை நிரூபிப்பதற்கு என்று ஆகிவிடுகிறது. அகராதியில் அவர்கள் எண்; சரித்திரத்தில் அவர்கள் ஆதாரம். மக்கின் மணலில் இறந்த 66 பேரும் இந்தத் தராசில் இலேசாகிப்போகிறார்கள். அதிகம் பேர் சாகாததே அந்த டிவிஷன் செய்த குற்றம்போல் ஆகிவிடுகிறது. அந்தத் தீவு யாருடையதோ அந்த மக்கள், இன்று கிரிபாட்டி என்ற சுதந்திர நாட்டில் புடாரிடாரி என்று தங்கள் பெயரால் அதை அழைக்கிறவர்கள், எந்தத் தட்டிலும் இல்லை. டார்பிடோ விட்ட ஐ-175 கூட 1944 தொடக்கத்தில் தன் ஆட்களோடு கடலுக்குள் போயிற்று. அதற்கும் ஜப்பானில் ஒரு ஜாதகம் இருக்கும். அதிலும் கடைசி வரி சுருக்கமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் எப்படித்தான் எழுதுவது? அகராதிபோல் எழுதினால் உயிர் இல்லை, மாரிஸன்போல் எழுதினால் ஓரம் சாய்கிறது. இரண்டுக்கும் நடுவே எழுத்தாளனுக்கு ஒரு வழி இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அகராதியின் வினைச்சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுவாயை மாற்ற வேண்டும். தேதியையும் மணியையும் கைவிடக் கூடாது. காரணம் ஒன்று தெரிந்தால், அதற்குப் பக்கத்தில் மற்றக் காரணங்களையும் வைத்துவிட வேண்டும். எதன்மேல் கோபித்துக்கொள்வது என்பதை வாசகன் பொறுப்பில் விட வேண்டும். காப்டன் வில்ட்ஸி கடைசியாகக் காணப்பட்டது, தீப்பிடித்த பின்பக்கத்தை நோக்கித் தளத்தின்மேல் நடந்துபோனபோது. பிழைத்தவர்கள் சொன்னது அவ்வளவுதான். அவர் எதற்காகப் போனார், என்ன நினைத்தார் என்று நாம் புனைந்து சேர்த்தால் அந்த நடை கெட்டுவிடும். அவர் நடந்தார் என்று எழுதினால் போதும். அது உயர்திணை வாக்கியம்.

டோரிஸ் மில்லர் அந்த விடியற்காலையில் கப்பலின் எந்த இடத்தில் இருந்தார் என்று எழுதுகிறவன் கற்பனை செய்ய உரிமை உண்டு. ஆனால் உண்மையாக நடந்ததே கற்பனைக்குக் குறைந்ததாக இல்லை. அவரைக் காணவில்லை என்ற தகவல் வேக்கோவில் இருந்த பெற்றோருக்குக் கிடைத்தது 1943 டிசம்பர் 7-ஆம் தேதி. பேர்ல் துறைமுகத்தில் அவர் துப்பாக்கி பிடித்து அன்றோடு சரியாக இரண்டு வருஷம். ஒரு நாவலில் இந்தத் தேதியை நான் வைத்திருந்தால், வேண்டுமென்றே பொருத்தியது என்று விமரிசகர் எழுதியிருப்பார். வாஸ்தவத்தில் அது தபால் இலாகாவும் கடற்படை அலுவலகமும் சேர்ந்து, எந்த உத்தேசமும் இல்லாமல், எழுதிய வாக்கியம். காணவில்லை என்பது இறந்துவிட்டார் என்று மாற இன்னும் ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. 1944 நவம்பர் 25-ஆம் தேதியிட்டு அதை முடிவு கட்டினார்கள். அந்த ஒரு வருஷத்தை அந்தத் தாயார் எப்படிக் கழித்தாள் என்பது எந்தக் கப்பலின் பணி வரலாற்றிலும் சேராது.

அகராதியின் வாய்பாடு பெயர்க் காரணத்தில் தொடங்குகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். 'லிஸ்கம் பே' என்றால் அலாஸ்காவில் ஒரு குடா. மூன்று வார்த்தையில் முடிந்துபோகிறது. ஏறினவர்களில் எத்தனை பேர் அந்தக் குடாவைக் கேள்விப்பட்டிருப்பார்களோ! ஆனால் 1973-ல் 'மில்லர்' என்று ஒரு காவற்கப்பல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 2020 ஜனவரியில், கட்டவிருக்கும் ஒரு மாபெரும் விமானந்தாங்கிக்கு 'டோரிஸ் மில்லர்' என்று பெயர் வைப்பதாக அறிவித்தார்கள். பெயர் வைப்பதனால் பழைய கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கடற்படைக்கும் தன் பெருமை, தன் விளம்பரம் எல்லாம் உண்டு. எழுத்து விஷயத்தில் மட்டும் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பழைய வாய்பாட்டின்படியே எழுதினாலும், அந்தக் கப்பலின் குறிப்பைத் தொடங்குகிறவர் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், வேக்கோவில் பிறந்த ஒரு சமையற்காரர் யார், என்ன செய்தார், எங்கே இறந்தார் என்று எழுதியாக வேண்டும். முதல் வாக்கியத்தின் எழுவாய் மனிதனாகத்தான் இருக்க முடியும்.